நடுவில் இருக்கும் கருவியை நம்பாமல் ரகசியம் பேசுவது: குவாண்டம் தொடர்பும் ஆள் சரிபார்ப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே அமைப்பை வைத்துப் பேசுகிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கிளினிக், வெருலத்தில் இன்னொரு கிளினிக். நோயாளிகளின் பதிவேடுகள் இரண்டுக்கும் இடையே போய்வர வேண்டும். டர்பன் நகர மையத்தில், வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், இரண்டு ஃபைபர்களும் வந்து சேர்கின்றன. அந்த அறையில் யார் வேலை செய்கிறார்கள், உள்ளே இருக்கும் பெட்டியை யார் செய்தார்கள் என்பது கிளினிக்குகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஃபைபரும் 30 கி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

டர்பனுக்குக் குவாண்டம் தொடர்பு புதிய விஷயமா?

இல்லை. குவாசுலு-நாட்டல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரான்செஸ்கோ பெட்ருச்சியோனேயின் குழு 2008 முதல் டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியின் ஃபைபரில் குவாண்டம் சாவிப் பகிர்வை (செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்ணான சாவியை, ஒளித்துகள்கள் வழியாக இரு முனைகளுக்கும் பொதுவாக்குவதை) ஓட்டிப் பார்த்தது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மோசஸ் மபிடா அரங்கத்துக்கும் நகரின் கூட்டுக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையிலான தொடர்பில் அந்த நுட்பம் பயன்பட்டது. பிறகு ஸ்டெல்லன்போஷுக்கும் பெய்ஜிங்குக்கும் இடையே, ஏறத்தாழ 12,900 கி.மீ. தூரத்தில், ஜினான்-1 என்ற சிறிய செயற்கைக்கோள் வழியாகச் சாவி பகிரப்பட்டது. அந்த ஆய்வு 2025இல் வெளியானது.

கடைசியாகச் சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தச் செயற்கைக்கோள் இரண்டு ஊர்களோடும் தனித்தனியாகச் சாவி போட்டு, பிறகு அவற்றை இணைக்கிறது. இரண்டு சாவியும் அதற்குத் தெரியும். அதனால் அதை நம்பியே ஆக வேண்டும். நம் நகர மைய அறைக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்காமல் வேலை நடக்குமா என்பதுதான் இங்கே கேள்வி.

இயற்பியல் விதிதான் காவல் என்கிறார்களே, கருவியை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

விதி சரிதான். 1984இல் பென்னட்டும் பிராசார்டும் தந்த பிபி84 முறையில், நடுவில் ஒருவர் ஒற்றை ஒளித்துகளைத் தொட்டால் பிழை விகிதம் (இரு முனைகளின் பிட்டுகள் ஒத்துப்போகாத பங்கு) ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் விதி பேசுவது ஒளித்துகளைப் பற்றி. நீங்கள் விலைகொடுத்து வாங்குவது ஒரு டிடெக்டர், அதாவது ஒளித்துகள் வந்ததை அறிவிக்கும் கருவி.

அந்த டிடெக்டரில்தான் ஓட்டை இருந்தது. 2010இல் வாடிம் மகரோவ் முதலியோர், சந்தையில் விற்ற இரண்டு கருவிகளிலேயே அதைச் செய்து காட்டினார்கள். ஒற்றைத் துகளுக்குத் துடிக்கும் டயோடின் மேல் விடாமல் பிரகாசமான ஒளியை அடித்தால் அது கூர்மையை இழந்து சாதாரண ஒளிமானியாக மாறிவிடும். அதன் பிறகு எந்த டிடெக்டர் எப்போது 'டிக்' என்று சொல்ல வேண்டும் என்பதை வெளியாள் தன் துடிப்பின் அளவால் தீர்மானிக்கலாம். பிழை விகிதம் ஏறவே ஏறாது. சாவி முழுவதும் அவர் கையில் இருக்கும், திரையிலோ எல்லாம் பச்சையாகத் தெரியும்.

அப்படியானால் டிடெக்டரை நம்பாமல் எப்படிச் சாவி போடுவது?

டிடெக்டரை இரண்டு கிளினிக்குகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். 2012இல் லோ, கர்ட்டி, சீ மூவரும் தந்த யோசனை இது. அதே ஆண்டில் பிரவுன்ஸ்டீனும் பிரண்டோலாவும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். இரண்டு கிளினிக்குகளும் அனுப்ப மட்டுமே செய்யும். அளப்பது முழுவதும் நடு அறையின் வேலை.

ஒவ்வொரு துடிப்புக்கும் கிளினிக் பெட்டி இரண்டு தற்செயல் முடிவுகளை எடுக்கிறது. ஒன்று திசை: நேர்த்திசையா (கிடை அல்லது செங்குத்து), சாய்திசையா (45 அல்லது 135 பாகை). மற்றது பிட்: 0 அல்லது 1. அந்தத் தளவிளைவோடு (ஒளி அலை அதிரும் திசையோடு) ஒளித்துடிப்பு கிளம்புகிறது. நடு அறையில் இரண்டு துடிப்புகளும் ஒரே நொடிக்கூறில், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு பீம் ஸ்ப்ளிட்டரில் மோதுகின்றன. அதற்குப் பின்னால் தளவிளைவைப் பிரிக்கும் இரண்டு கனசதுரங்கள், நான்கு டிடெக்டர்கள். எந்த இரண்டு டிடெக்டர்கள் சேர்ந்து துடித்தன என்பதை நடு அறை ஊரறிய அறிவிக்கிறது. இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் பெல் நிலைகள் நான்கில் இரண்டை மட்டுமே இந்த அமைப்பு அடையாளம் காணும். சை-கூட்டல், சை-கழித்தல் என்று அவற்றைச் சொல்வோம்.

பிறகு கிளினிக்குகள் தங்கள் திசைகளை மட்டும் ஒப்பிட்டு, ஒத்துப்போனவற்றை வைத்துக்கொள்கின்றன. நேர்த்திசையாக இருந்தால், இரண்டு அறிவிப்புகளில் எது வந்தாலும் வெருலம் தன் பிட்டைத் திருப்பிப் போடும். சாய்திசையாக இருந்தால் சை-கழித்தலுக்கு மட்டும் திருப்பும், சை-கூட்டலுக்கு அப்படியே விடும். மென்பொருள் எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். முதல் ஓட்டத்தில் சாய்திசைப் பிழை 50 விழுக்காட்டை ஒட்டி வந்தால், ஃபைபரைத் தொடுவதற்கு முன் இந்தத் திருப்பல் விதியைப் பாருங்கள்.

நடு அறைக்குத் தெரிவது ஒன்றே: இருவரும் போட்டது ஒரே பிட்டா, வேறு வேறா. எது 0, எது 1 என்பது அதற்குத் தெரியாது.

நடு அறை வேண்டுமென்றே பொய் அறிவித்தால்?

பொய் சொன்ன இடங்களில் கிளினிக்குகளின் பிட்டுகள் ஒத்துப்போகாது. சோதனைக்காக வெளிப்படுத்தும் பகுதியில் பிழை ஏறும், அந்தச் சுற்றுத் தூக்கியெறியப்படும். சாவி நின்றுபோகலாம், ஆனால் கசியாது. ஃபைபரை வெட்டுகிறவரை எந்த இயற்பியலும் தடுக்காது. அதற்கு மாற்று வழித்தடமும் முன்கூட்டிச் சேர்த்துவைத்த சாவியும்தான் வழி.

இனி எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. விற்பனைப் பேச்சில் மிக அதிகமாக மழுப்பப்படுவது இதுதான். இந்த முறை டிடெக்டரை மட்டும் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது. உங்கள் கிளினிக்கில் இருக்கும் அனுப்பும் பெட்டியை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, லேசர் ஒற்றைத் துகளை அனுப்புவதில்லை. சராசரி 0.3 துகள் என்று வைத்தாலும் சில துடிப்புகளில் இரண்டு மூன்று துகள்கள் போகும். உபரியை ஒருவர் பிரித்து வைத்துக்கொள்ளலாம். இதற்குத்தான் டிகாய் (பொறித்துடிப்பு) முறை: ஒளியின் அளவைத் துடிப்புக்குத் துடிப்பு தற்செயலாக மாற்றி, அளவு வாரியாக எவ்வளவு போய்ச்சேர்ந்தது என்று பார்த்து, ஒற்றைத் துகளின் பங்கைக் கணக்கிடுவது. ஒளி அலையின் கட்டமும் (அலை எந்த நிலையில் தொடங்குகிறது என்பதும்) துடிப்புக்குத் துடிப்பு தற்செயலாக மாற வேண்டும். லேசரை ஒவ்வொரு முறையும் முழுக்க அணைத்து ஏற்றினால் அது தானாக நடக்கும்.

இரண்டாவது, வெளியிலிருந்து ஃபைபர் வழியாகவே உள்ளே ஒளியை அடித்து, திரும்பி வரும் எதிரொளியில் உங்கள் திசையைப் படிக்க முடியும். வெளிவாயிலில் ஒருவழி ஐசொலேட்டர்கள் ஒன்றுக்கு மேல், ஒரு குறுகிய அலைநீள ஃபில்டர், உள்ளே வரும் ஒளியைக் கவனிக்கும் ஒரு டயோடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் இவை இல்லை என்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

மூன்றாவது, தற்செயல் எண். அது மென்பொருளில் பிறந்த எண்ணாக இருந்தால், மீதி எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

எந்தக் கருவியையும் நம்பாத முறை இல்லவே இல்லையா?

இருக்கிறது. பிணைந்த துகள்களை இரண்டு முனைகளிலும் அளந்து, முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் பெல் சோதனையை நடத்தினால், வரும் எண்ணே சாட்சியாக நிற்கும். பழைய இயற்பியலில் அந்த எண் 2ஐத் தாண்டாது. குவாண்டத்தில் 2.828 வரை போகும். 2022இல் ஆக்ஸ்ஃபோர்டில் 2 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஸ்ட்ரான்ஷியம் அயனிகளை வைத்து, சுமார் எட்டு மணி நேரத்தில் 95,628 பிட் சாவி எடுத்தார்கள். அதே ஆண்டில் மியூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில் அணுக்களை வைத்து முறை செயல்படுவதைக் காட்டினார்கள். அறிவுலகத்துக்குப் பெரிய வெற்றி. ஆனால் சாட்ஸ்வொர்த்திலிருந்து வெருலம் வரை இன்று அதை இழுக்க முடியாது. பாதி வழியில் தொலையும் ஒவ்வொரு துகளும் பெல் சோதனையில் ஓட்டையாகிறது.

எல்லாக் கருவியும் சரி. ஆள் சரிபார்ப்பு எதற்கு?

கோயில் உண்டியலுக்கு எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும், சாவியோடு வந்து நிற்பவர் தர்மகர்த்தாதானா என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும்? இங்கேயும் அதே கதைதான். குவாண்டம் விதி, துகளை யாராவது தொட்டார்களா என்று சொல்லும். மறுமுனையில் இருப்பவர் யார் என்று சொல்லாது.

யாராவது நடு அறையில் உட்கார்ந்து சாட்ஸ்வொர்த்திடம் 'நான் வெருலம்' என்றும், வெருலத்திடம் 'நான் சாட்ஸ்வொர்த்' என்றும் பேசி, இரண்டு தனித்தனிச் சாவிகளை முறைப்படி போட்டுக்கொள்ளலாம். பிழை விகிதம் ஒழுங்காக இருக்கும், சோதனைகள் எல்லாம் தேறும். பதிவேடு அவர் மேசையில் திறந்து, படித்து, மறுபடி பூட்டப்பட்டு மறுமுனைக்குப் போகும். இதைத் தடுக்க ஒரே வழி, திசைகளை ஒப்பிடும் சாதாரண வழித்தடப் பேச்சு ஒவ்வொன்றையும் 'இது இன்னார் சொன்னது, நடுவில் மாறவில்லை' என்று உறுதிப்படுத்துவது. அதற்கு இரு முனைகளுக்கும் முன்பே ஒரு சிறு ரகசியம் பொதுவாக இருக்க வேண்டும். சுழியிலிருந்து ரகசியத்தை உண்டாக்கும் முறை எதுவும் கிடையாது. குவாண்டம் செய்வது, சிறு ரகசியத்தைப் பெரிதாக வளர்ப்பது.

அந்தச் சரிபார்ப்பை நடைமுறையில் எப்படிச் செய்வது?

வெக்மன்–கார்ட்டர் முறை. செய்தியை 128 பிட் துண்டுகளாக வெட்டி, ரகசியமான 128 பிட் ஹாஷ் சாவியால் ஒரு பல்லுறுப்புக் கோவையில் மதிப்பிட்டால் 128 பிட் முத்திரை வரும். அதன் மேல் ஒரே ஒரு முறை பயன்படும் 128 பிட் மறைப்பை எக்ஸ்-ஆர் செய்து (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறானால் 1, ஒன்றானால் 0 போட்டு) அனுப்புங்கள். 1 மெகாபைட் செய்தி 65,536 துண்டுகள். போலி முத்திரை ஒன்று தேறும் வாய்ப்பு 2¹¹²இல் ஒரு பங்குக்கு மேல் போகாது. எதிராளியிடம் எத்தனை பெரிய கணினி இருந்தாலும் அந்த எண் மாறாது.

அளவைப் பார்ப்போம். ஒரு சுற்றில் பக்கத்துக்கு ஆறு செய்திகள் என்றால் 12 மறைப்புகள், அதாவது 1,536 பிட். பத்துச் சுற்றுக்குக் கையிருப்பு வைத்தாலும் 2 கிலோபைட்டுக்குள் அடங்கும். இதை ஒரு நாள் இரண்டு பேர் சேர்ந்து ஸ்மார்ட் கார்டில் எடுத்துக்கொண்டு காரில் போய் மறுமுனையில் ஏற்றிவிட்டு வரலாம். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும் சாவியில் முதல் 1,536 பிட்டை அடுத்த சுற்றின் சரிபார்ப்புக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் மறையாக்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இதில் கெடுவது இரண்டு இடங்களில். மின்சாரம் போய் வந்ததும் ஒரு முனை எந்த மறைப்பு வரை செலவானது என்பதை மறந்து, பழையதையே மறுபடி எடுக்கும். ஒரே மறைப்பில் இரண்டு முத்திரைகள் வெளியே போனால், அவற்றை எக்ஸ்-ஆர் செய்து ஹாஷ் சாவியையே தோண்டி எடுக்க முடியும். ஆகவே முத்திரை கிளம்பும் முன் வரிசை எண் டிஸ்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பின்னால் அல்ல. இன்னொன்று: எதிராளி சுற்றுக்களை வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டே இருந்தால், சாவி பிறக்காமல் மறைப்புகள் மட்டும் தீரும். தொடர்ந்து மூன்று சுற்று கெட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும்படி அமையுங்கள்.

ஒளித்துகளிலேயே அடையாளத்தைப் பதித்து ஆளைச் சரிபார்க்கும் முறைகள் உண்டாமே?

உண்டு, அழகான யோசனை. முன்பே பகிர்ந்த அடையாள எண்ணின் பிட் 0 என்றால் நேர்த்திசை, 1 என்றால் சாய்திசை. அந்த வரிசை தெரிந்தவர் மட்டுமே எல்லாத் துகளிலும் சரியாகப் பொருந்துவார். போலி ஆள் பாதி இடங்களில் திசையைத் தவறாக ஊகிப்பார், அதில் பாதி பிழையாகும். துகளுக்கு 4இல் ஒரு வாய்ப்பு மாட்டிக்கொள்வார். 64 துகளில் ஒரு பிழையும் இல்லாமல் தப்பிக்க அவருக்குப் பத்துக் கோடியில் ஒரு வாய்ப்பு.

காகிதத்தில் இப்படி. ஃபைபரில் உண்மையான ஆளுக்கும் பிழை வரும் என்பதால் ஒரு வரம்பை அனுமதித்தே ஆக வேண்டும். 128 துகளில் 12 பிழை வரை விடலாம் என்றால், போலி ஆள் தேறும் வாய்ப்புக்கு நம்மால் உறுதியாகச் சொல்ல முடிவது லட்சத்தில் நான்குக்குள் என்பதே. துகளை 256 ஆக்கி, 24 பிழை வரை விட்டால் அது நூறு கோடியில் இரண்டுக்குள் வரும். வரம்பைக் குறிக்காமல் 'இத்தனை துகள் போதும்' என்று சொல்லும் கணக்கை ஏற்காதீர்கள்.

லேசர் வைத்த நடு அறை அமைப்பில் இன்னும் சிக்கல். ஒரே கிளினிக்கின் இரட்டைத் துகள்கள் நடு அறையில் பொய் அறிவிப்பை உண்டாக்குவதால், சாய்திசையில் குறைந்தது 25 விழுக்காடு பிழை இயல்பாகவே இருக்கும். சாவிக் கணக்கில் டிகாய் முறை இதைப் பிரித்தெடுத்துவிடும். துகள் துகளாக ஆளைப் பார்க்கும் சோதனையில் அப்படிப் பிரிக்க முடியாது. போலி ஆளின் மொத்தப் பிழையும் அதே 25ஐ ஒட்டித்தான் வரும். உண்மையான ஒற்றைத் துகள் மூலம் கைக்கு வரும் வரை ஆள் சரிபார்ப்பை வெக்மன்–கார்ட்டரிடமே விடுவது நல்லது என்பது எங்கள் தீர்மானம். எந்த முறையானாலும் அடையாள எண்ணை ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப்பியுங்கள். அந்தத் துகள்களை வாங்கி அளந்தவருக்கு எண்ணில் ஒரு பங்கு தெரிந்திருக்கும்.

சாவியே போடாமல் செய்தியை நேராக அனுப்பலாமா?

குவாண்டம் நேரடித் தொடர்பு என்று அதற்குப் பெயர். 2004இல் இருவழி உரையாடல் முறையும் வந்தது. துகள்களின் தொடக்க நிலையை எல்லாரும் அறிந்த உரையாடலில், கடைசி அறிவிப்பே இருவரும் பேசிய 4 பிட்டில் 2 பிட் அளவுக்குக் கசியவிடுகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். தொடக்க நிலையை மறைத்துத் திருத்திய முறைகள் உண்டு. சாவியில் ஒரு கோளாறு என்றால் சாவியை வீசிவிடலாம், நேராகப் போன செய்தியை வீச முடியாது. நோயாளியின் பதிவேட்டுக்கு இது வேண்டாம்.

எங்கே பழுதாகும்?

முதலில் லேசரின் நிறம். இரண்டு கிளினிக்குகளின் துடிப்புகளும் நடு அறையில் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டும். 1550 நானோமீட்டரில், ஒரே நிறத்தில் ஓடும் டிஎஃப்பி வகை லேசரில் ஒரு டிகிரி மாறினால் அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும், அதாவது 12 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். 1 நானோசெகண்ட் துடிப்புக்கு இரண்டு லேசர்களும் சில பத்து மெகாஹெர்ட்ஸுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஆக, வெப்பநிலை ஆயிரத்தில் சில டிகிரிக்குள் நிற்க வேண்டும். டர்பன் பிப்ரவரி வெக்கையில், ஏசி ஓடி நின்று ஓடும் அறையில், லேசரை அதன் போக்கில் விட்டால் நிற்காது. வாயுக் குப்பியின் உறிஞ்சல் கோட்டில் (அந்த வாயு உறிஞ்சும் மாறாத அலைநீளத்தில்) இரண்டையும் பூட்டுங்கள்.

அடுத்தது நேரம். ஃபைபர் சூடானால் நீளும்: கிலோமீட்டருக்கு, டிகிரிக்கு, சுமார் 40 பிகோசெகண்ட். 30 கி.மீ. ஃபைபர் 5 டிகிரி சூடானால் 6 நானோசெகண்ட் தாமதம். துடிப்புகள் ஒன்றையொன்று சந்திக்காமலே போய்விடும். தாமதத்தைத் தொடர்ந்து அளந்து திருத்தும் அமைப்பு கட்டாயம். கம்பத்தில் தொங்கும் ஃபைபர் என்றால் காற்றடிக்கும்போது தளவிளைவும் நிமிடத்துக்கு நிமிடம் திரும்பும். அப்படிப்பட்ட வழித்தடத்தில் தளவிளைவுக்குப் பதில், துடிப்பு முந்தி வருகிறதா பிந்தி வருகிறதா என்பதில் பிட்டைப் பதிக்கும் முன்துடிப்பு–பின்துடிப்பு நேர முறையைப் பாருங்கள்.

எல்லாம் பொருந்தியதா என்பதை ஹாங்–ஓ–மேண்டல் பள்ளம் காட்டும்: ஒன்றைப்போல் ஒன்றான துடிப்புகள் பீம் ஸ்ப்ளிட்டரில் சந்தித்தால் டிடெக்டர்கள் சேர்ந்து துடிப்பது குறையும். ஒரு பக்கத்தின் தாமதத்தை மெதுவாக நகர்த்தி, சேர்ந்து துடிக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். லேசர் துடிப்புகளுக்கு அது அதிகபட்சம் 50 விழுக்காடு குறையும். 48 வந்தால் மகிழ்ச்சி. 40இல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர். முனை அழுக்கான ஒரு கனெக்டர் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக வராது, பள்ளம் ஆழமாகாது. முனை சாய்வாக இருக்கும் பச்சைக் கனெக்டரை நேர்முனை நீலத்தில் செருகினாலும் இதே கதிதான். ஃபைபர் நுண்ணோக்கியில் முனையைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள், துடைக்காமல் எதையும் செருகாதீர்கள்.

கடைசியாக லோட் ஷெட்டிங். நடு அறையில், கடுங்குளிரில் மட்டுமே ஓடும் மீக்கடத்தி டிடெக்டர் வைத்தால் மின்சாரம் போனதும் அது சூடேறிவிடும், திரும்பக் குளிர ஓர் இரவு போகலாம். -40 டிகிரியில் ஓடும் சாதாரண இண்டியம் காலியம் ஆர்சனைட் டயோடுக்குச் சில நிமிடம் போதும். திறன் 20 விழுக்காடுதான், ஆனால் நம் தூரத்துக்கு அது போதும். 30 கி.மீ. ஃபைபரில் 6 டெசிபெல், அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளி வந்துசேரும். துடிப்புக்கு 0.3 துகள், நொடிக்கு 10 கோடித் துடிப்பு என்றால் சேர்ந்து துடிப்பது நொடிக்குப் பத்தாயிரம் என்ற அளவில் இருக்கும். திசை ஒத்தவற்றைச் சலித்து, பிழைகளைத் திருத்தி, கசிந்திருக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கிய பிறகு கைக்கு வரும் சாவி அதைவிட மிகக் குறைவு. அதை மின்சாரம் இருக்கும் நேரத்தில் சேர்த்துவைத்து, இல்லாத நேரத்தில் செலவழியுங்கள்.

சட்டம் இதைக் கேட்கிறதா?

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 19ஆம் பிரிவு, தனிநபர் தகவலுக்கு நியாயமான தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கேட்கிறது. 2021 ஜூலை 1 முதல் அது முழுமையாக அமலில் இருக்கிறது. குவாண்டம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. குவாண்டம் வைத்துவிட்டு வரவேற்பு மேசையின் கணினியைப் பூட்டாமல் விட்டால் அதே சட்டம் உங்களைத்தான் கேட்கும்.

குவாண்டம் கணினியைத் தாங்கும்படி 2024இல் வந்த புதிய கணித மறையாக்க முறைகளே போதாதா?

பல இடங்களுக்குப் போதும். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள் அவற்றையே முதலில் பரிந்துரைக்கின்றன. நோயாளியின் பதிவு முப்பது, நாற்பது ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும், இன்று பதிவுசெய்து வைத்து நாளை உடைப்பவரை அஞ்ச வேண்டும் என்றால்தான் குவாண்டம் சாவிக்குப் பொருள் உண்டு.

இரண்டையும் சேர்ப்பது இன்னும் நல்லது. முதல் ரகசியத்தைக் காரில் கொண்டுபோக முடியாத இடத்தில், அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட எம்எல்-டிஎஸ்ஏ என்ற மின்கையொப்பத்தால் முதல் சுற்றின் ஆள் சரிபார்ப்பைச் செய்யலாம். அந்தக் கையொப்பம் அந்தச் சில நிமிடங்களுக்கு உடையாமல் நின்றால் போதும். பத்து ஆண்டு கழித்து யாராவது அதை உடைத்தாலும், அன்று பிறந்த சாவி அவர் கைக்கு வராது. மறையாக்கத்தையே கணிதத்திடம் விட்டிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. இரண்டாம் சுற்றிலிருந்து வெக்மன்–கார்ட்டருக்கு மாறிவிடுங்கள்.